கட்டில் மட்டும் தெரியும்

திருகைக் கழற்றாதே என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று லிசியாட்டே ஸ்டூலின் மேல் நின்றபடி காத்திருந்தான். யாரும் சொல்லவில்லை. கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. கண்ணுக்கு நேரே, அறை மூலையில், முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கேமரா. அது இன்னும் அப்பாவின் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. வெறும் கம்பிகள்.

"என்ன மச்சான், கேமராகிட்ட பாவமன்னிப்பு கேக்கறியா?" என்றான் கீழே நின்ற ஹலோட்டி. "வண்டி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியாச்சாம். அரை மணியில வந்துடும்."

ஹலோட்டி அத்தை மகன். நேற்றுத்தான் ஆக்லாந்திலிருந்து விமானத்தில் வந்திறங்கினான். தாய்மாமன் வீட்டில் அத்தை மகனுக்கு இல்லாத உரிமை இல்லை. வந்ததும் வராததுமாக மாமாவின் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. துக்கத்துக்கு எல்லோரும் இடுப்பில் பாய் கட்டியிருந்தார்கள். அவனுடையது மெல்லியது, புதியது. லிசியாட்டே இறந்தவரின் மகன். அதனால் அவனுக்குப் பழைய பாய், கிழிந்த பாய், மார்புவரை ஏறி நின்று கையைத் தூக்கவிடாத பாய்.

"நீ பாயைக் கட்டியிருக்கியா, பாய் உன்னைக் கட்டியிருக்கா?" என்று ஹலோட்டி சிரித்தான்.

லிசியாட்டே திருகை இரண்டு சுற்றுச் சுற்றினான். கேமரா கையோடு வந்துவிட்டது. எந்தக் கோணத்தில் அது நின்றிருந்தது என்பதைச் சொல்ல இனி சுவரில் இரண்டு ஓட்டைகள் மட்டும்தான் மிச்சம். ஓட்டைகள் எதுவும் சொல்லாது.

அவனுக்கு இதுதான் தொழில். தீவின் தலைநகரான நுகுஅலோஃபாவில் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கேமரா மாட்டுவது, திருப்புவது, படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்துக் கொடுப்பது. அப்பா தானியேலாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போனபோது, மகன் தன்னால் முடிந்ததைச் செய்தான். போன ஆகஸ்டில் இந்தக் கேமராவைக் கொண்டுவந்து மாட்டினான். அப்பாவைப் பார்த்துக்கொண்டது அக்கா லூப்பே. புருஷன் கடலில் இறந்துபோன பிறகு அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்து, அப்பா அசைந்தால் கேட்கிற தூரத்தில் படுத்துக்கொள்வாள். பகலில் அவள் ஒரு மணி நேரம் வெளியே போனால், தம்பி நகரத்திலிருந்து போனில் அப்பாவைப் பார்த்துக்கொள்வான். அதுதான் ஏற்பாடு.

போன புதன்கிழமை அந்த ஏற்பாட்டின்படிதான் லூப்பே போனாள். திரும்பி வந்தபோது அப்பா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உயிர் இல்லை.

முன்கூடத்தில் மரப்பட்டைத் துணிகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் பாய்மேல் பாய், அதன்மேல் இன்னும் பாய். ஜன்னலை ஒட்டித் தலைமாட்டில், எல்லாப் பாய்க்கும் மேலே, ஹலோட்டியின் அம்மா, அத்தை வீக்கா உட்கார்ந்திருந்தாள். எழுபத்தெட்டு வயது. பெரிய உடம்பு. கறுப்பு உடையில் விசிறியோடு அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. ஆனால் பன்றி எத்தனை அறுப்பது, பாதிரியாருக்கு எந்தப் பாய் போவது, யார் உள்ளே உட்காருவது, யார் பின்கட்டில் வேலை செய்வது, எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தபடிதான் நடந்தது. இறந்தவரின் அக்கா இருக்கும்போது வேறு யாருக்கும் பேச்சில்லை.

லூப்பேயைப் பற்றி அவள் காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் பின்கட்டிலேயே இருக்கட்டும். புதன்கிழமை என்ன நடந்ததென்று எனக்குத் தெரிகிறவரைக்கும் உள்ளே வர வேண்டாம்.

அடக்கம் நாளைப் பகல். அதற்குள் அத்தை கூப்பிடாவிட்டால் லூப்பேக்கு அப்பாவின் முகம் கிடையாது.

வாசற்கதவுக்கு மேலே கேமராவை மாட்டச் சொன்னாள் அத்தை. அமெரிக்காவில் இருக்கும் லிசியாட்டேயின் கடைசித் தம்பி செமிசிக்கு அங்கே தங்கும் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. நாட்டைவிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. அவன் அங்கே உட்கார்ந்தபடி அப்பாவைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கேமரா.

லிசியாட்டே அதை மரச்சட்டத்தில் பொருத்தி, போனில் படத்தைத் திறந்து, கேமராவைக் கீழே சாய்த்தான். கூடம் முழுக்க வந்தது. ஆனால் தலைமாட்டு ஜன்னலில் பிற்பகல் வெயில் எரிந்தது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் எது இருந்தாலும் கறுப்பாகத்தான் தெரியும்.

"ஆள் இல்லாம எப்படிப் பார்ப்பே?" என்ற ஹலோட்டி, கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, மாமாவைக் கிடத்த விரித்திருந்த துணியின்மேல் மல்லாந்து படுத்துக் கைகளை மார்பில் சேர்த்து வைத்தான். "செத்துட்டேன். முகம் தெரியுதா?"

போனில் செமிசியின் குரல் வந்தது. "கரிச்சட்டி மாதிரி இருக்கு அத்தான்."

"அது என் கலர்டா."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை விசிறியின் காம்பால் மகனின் காலில் ஒன்று போட்டாள். "எழுந்திருடா கழுதை. அங்க படுக்கறதுக்கு உனக்கு இன்னும் தகுதி வரல."

லிசியாட்டே சிரிக்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினான். முகம் மேலே வந்தது, ஜன்னல் வெளிறிப்போனது. பின்னொளியைச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தினான். இரண்டும் பாதிப்பாதி வந்தன. "போதும்ணே, இப்பப் பரவாயில்ல" என்றான் செமிசி. ஆனால் அதுவரை கேமரா ஓடியது பவர் பேங்கில், ராத்திரி முழுக்கத் தாங்காது. ஒயரும் எட்டவில்லை. கூடத்துச் சுவரில் இருந்த ஒரே பிளக்கை ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்கட்டிலிருந்து இழுக்க வேண்டும்.

அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். மண்ணடுப்புக் குழிகளிலிருந்து புகை தாழ்வாகப் படர்ந்தது. தகரத் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் சேம்பு சீவிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் குரல் கேட்டதும் அவன் நின்றுவிட்டான். அக்கா இருக்கும் இடத்துக்குள் நினைத்தவுடன் நுழைகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதில் அவனுக்கு வீட்டுக்குப் பின்னால் தனிக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அக்கா படுக்கும் பாய் எங்கே விரிக்கப்படுகிறது என்றுகூட அவன் பார்த்ததில்லை. பேச வேண்டியதை யாராவது மூலம் பேசிக்கொள்வார்கள். அது விலகல் இல்லை, மரியாதை. ஊரே அப்படித்தான்.

"போனே பண்ணியிருக்கலாமே தம்பிக்கு" என்று யாரோ ஒரு கிழவி கேட்டாள்.

"எதுக்கு போன்?" என்றது லூப்பேயின் குரல். "எப்பவும் போல ரூம் வாசப்படியில நின்னு கேமராவுக்குக் கையைக் காட்டிட்டுத்தான் போனேன். நான் கிளம்பறேன், அப்பாவைப் பார்த்துக்கோன்னு. ஏழு மாசமா அப்படித்தான். வந்ததும் மறுபடி கையைக் காட்டுவேன். அதுல நீலமா ஒரு சின்ன லைட்டு இருக்கு. அது சிமிட்டும். சரி, பார்த்துட்டான்னு நினைச்சுப்பேன்."

"அப்ப அவன் என்னதான் பார்த்தான் புதன்கிழமை?"

"அவனுக்குக் கடையில என்ன வேலையோ. ஆம்பளை, நாலு இடம் போறவன், எந்நேரமும் போனைப் பார்த்துட்டு நிப்பானா? அவனைச் சொல்லாதீங்க. நான்தான் போயிருக்கக்கூடாது. மரப்பட்டைத் துணி ஒட்ட ஆள் குறையுதுன்னாங்க, போயிட்டேன்."

கத்தி சேம்பில் இறங்கும் சத்தம் மட்டும் தொடர்ந்தது.

லிசியாட்டே பிளக்கைச் செருகிவிட்டு ஒயரைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அந்த நீல விளக்கு பத்து நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். இணையம் இருக்கிறது என்று அர்த்தம். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சிமிட்டும்.

அவள் கையைக் காட்டிய ஒரு தடவையைக்கூட அவன் பார்த்ததில்லை. வாசற்படி அந்தக் கேமராவில் தெரியாது.

முதல் நாள் தெரிந்தது. ஆகஸ்டில் மாட்டிய அன்று அறை மூலையிலிருந்து எல்லாம் படத்தில் வந்தது. கட்டில், தரை, கதவு, கொடியில் தொங்கிய துணிகள். நல்ல கோணம், தொழில்காரனின் கோணம். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா எப்படி இருக்கிறார் என்று போனைத் திறந்தான். அக்கா தரையில் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது. அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். மறுநாள் அக்கா கோயில் பாடகர் குழுவுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து ஸ்டூல் போட்டு ஏறி, கேமராவை மேலே தூக்கி இடப்பக்கம் திருப்பினான். போனைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினான். மெத்தையின் ஓரம் திரையின் அடி விளிம்பைத் தொட்டதும் திருகை இறுக்கினான். இனிக் கட்டில் மட்டும் தெரியும். தரை தெரியாது, பாய் தெரியாது, கதவு தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதே அவன் பார்த்ததைச் சொல்வதாகிவிடும்.

சங்கு ஊதினார்கள். வண்டி வந்துவிட்டது.

ஆறு பேர் தூக்கி வந்தார்கள். பாட்டு எழும்பியது, முன்னால் பெண்களின் குரல்கள், அடியில் கிணற்றிலிருந்து வருவது போல ஆண்களின் குரல்கள். பெட்டியிலிருந்து எடுத்துத் துணியின்மேல் கிடத்தி, போர்த்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். அத்தை குனிந்து தம்பியின் நெற்றியில் மூக்கை வைத்து நெடுநேரம் மூச்சை உள்ளிழுத்தாள். பிறகு ஒரே ஒரு முறை ஓங்கிக் கத்தி அழுதாள். அவ்வளவுதான். நிமிர்ந்து விசிறியை எடுத்துக்கொண்டாள்.

செமிசி அந்தப் பக்கம் விம்முவது போனில் கேட்டது. லிசியாட்டே ஒலியைக் குறைத்தான்.

அப்பாவின் முகம் திரையில் தெளிவாக வந்தது. சவரம் செய்திருந்தார்கள். ஏழு மாதம் இதே முகத்தை இதே திரையில் பார்த்தான். எத்தனையோ கடைக்காரர்களுடன் பேசிக்கொண்டே, ஏணியில் நின்றுகொண்டே, பெட்ரோல் போடும் வரிசையில். தூங்குகிறார், விழித்திருக்கிறார், படுக்கை காலி. படுக்கை காலி என்றால் அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அது தினமும் நடப்பது.

பாதிரியார் ஜெபம் முடித்து டீ குடிக்கப் போனதும் ஹலோட்டி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அம்மா, ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. அவ ஒரு மணி நேரம் போனாங்கறாங்க, மூணு மணி நேரங்கறாங்க. மாமா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாருங்கறாங்க. எதுக்குப் பேச்சு? கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கும். அவ எத்தனை மணிக்குக் கிளம்பினா, எத்தனை மணிக்கு வந்தா, பார்த்துட்டா முடிஞ்சுபோச்சு." வாசலைப் பார்த்துத் திரும்பினான். "பதிவு இருக்குல்ல மச்சான்?"



"பார்க்கணும்" என்றான் லிசியாட்டே.

"இருக்கா, இல்லையா?"

போனில் செமிசியும் கேட்டான். "அண்ணே, நானும் பார்க்கணும். கஷ்டமா இருந்தாலும் பரவாயில்ல. அப்பா தனியா என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியணும்."

லிசியாட்டே போனைக் குனிந்து பார்த்தான். வெளிச்சம், நிறம், பின்னொளி என்று வரிசையாக இருந்த செட்டிங்குகளின் அடியில் கடைசி வரி சிவப்பில் இருந்தது. கார்டை அழி. பதிவெல்லாம் இருப்பது அந்தக் கார்டில்தான். வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அதைத் தொட்டுவிடாதீர்கள் என்பதுதான். கட்டைவிரல் அதற்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அழித்துவிட்டு, கழற்றி மாட்டும்போது போய்விட்டது என்றால் இந்தத் தீவில் மறுத்துப் பேசத் தெரிந்த ஆள் இல்லை. சுவரில் இரண்டு ஓட்டைகள். கார்டில் ஒன்றுமில்லை. அக்கா போனாள், அப்பா விழுந்தார். அவளே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பதிவை அவன் ஒருமுறை பார்த்திருந்தான். புதன்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில், தனியாக.

"லிசியாட்டே" என்றாள் அத்தை. "இங்க வா."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாய் தரையில் உரச, முழங்காலில் நகர்ந்து போய் அத்தையின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். அத்தை கையை அசைத்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். ஹலோட்டியும் போக வேண்டியிருந்தது.

"அதுல என்ன இருக்கு?"

"அக்கா கிளம்பறது இல்ல அத்தை. அவங்க வர்றதும் இல்ல. கதவு அதுல தெரியாது."

"மூலையில இருந்து முழு ரூமும் தெரியும்னு சொன்னியே. மாட்டின அன்னிக்கு என்கிட்டயே காட்டினே."

"மறுநாள் நான் திருப்பிட்டேன்."

"எதுக்கு?"

அவன் விரலால் பாயின் பின்னலைத் தடவினான். "ராத்திரி அப்பாவுக்குப் பக்கத்துல அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"போதும்." அத்தை விசிறியை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். "அதைச் சொல்லாதே."

அவள் விசிறியைத் தம்பியின் முகத்துக்கு மேலே ஓட்டி ஓர் ஈயை விரட்டினாள்.

"அவளுக்குத் தெரியுமா, நீ திருப்பினது?"

"தெரியாது. தினம் வாசப்படியில நின்னு கையைக் காட்டியிருக்காங்க. நான் பார்க்கறேன்னு நினைச்சு. இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

"புதன்கிழமை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து இருபது. கட்டில் காலியா இருந்தது. அக்கா வெளியில உட்கார வெச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். சீனாக்காரர் கடையில ஏணி மேல இருந்தேன். சிகரெட் அலமாரியில ஒவ்வொரு பாக்கெட்டும் தெரியணும்னு அவர் கீழேயிருந்து சொல்லிட்டே இருந்தார். பதினோரு மணிக்கும் பார்த்தேன். அப்பவும் காலிதான்."

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை."

"உடனே செத்துட்டாரா அவர்?"

கேட்டுவிட்டாள். இந்த ஒன்றை மட்டும் அவள் கேட்காமல் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான்.

"மெத்தை ஓரத்துல நாலு விரல் தெரியுது அத்தை. இடது கை. கீழே கிடந்து பிடிச்சிட்டு இருந்திருக்கார். பத்து இருபதுக்கு நான் பார்க்கறப்பவும் இருந்திருக்கு. போன் சின்னது, திரையோட அடி ஓரம், நான் கவனிக்கல. மொத்தம் பதினோரு நிமிஷம் அந்த விரல் தெரியுது. அப்புறம் இல்ல."

அத்தையின் விசிறி நின்றிருந்தது. அவள் அழவில்லை. தம்பியின் போர்வைக்கு அடியில் கையை விட்டு எதையோ தேடி, பிடித்து, அப்படியே வைத்துக்கொண்டாள். எந்தக் கை என்று லிசியாட்டேக்குத் தெரியும்.

"நீ கேமராவைத் திருப்பினது மரியாதை" என்றாள் கடைசியில், மெதுவாக. "ஒரு போன் பண்ணாதது என்ன?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

வெளியே பன்றியைச் சுமந்துகொண்டு நாலு பேர் கத்தியபடி ஓடினார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கினார்கள். அத்தை தலையை நிமிர்த்திக் கூடம் முழுக்கக் கேட்கும்படி மகனைக் கூப்பிட்டாள்.

"ஹலோட்டி. பின்கட்டுக்குப் போய் லூப்பேயைக் கூட்டிட்டு வா."

"பதிவு?"

"நான் கேட்டுட்டேன். அது என்னோட முடிஞ்சுது. யாரும் யாருக்கும் காட்ட வேண்டாம்."

"ஆள் அனுப்பறேன்மா."

"நீ போடா. நீதானே பேசினே, நீயே போய்க் கூப்பிடு. பணிவாக் கூப்பிடு."

ஹலோட்டி எழுந்து போனான். அத்தை லிசியாட்டேயைப் பார்த்தாள். "அவகிட்ட நான் சொல்வேன். உன்னால சொல்ல முடியாது. ஆனா நீ சொல்லச் சொன்னேன்னுதான் சொல்வேன். சரியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"எல்லாமே சொல்வேன். விரலையும்."

அவன் மறுபடி தலையை ஆட்டினான். கொஞ்சம் தாமதமாக.

பின்வாசலில் அக்காவின் நிழல் விழுந்ததும் அவன் எழுந்து முன்வாசல் வழியாக வெளியே போனான். அவள் உள்ளே வரும்போது அவன் அங்கே இருக்கக்கூடாது. வராந்தாத் தூணில் சாய்ந்து நின்று போனை எடுத்தான். பாடகர் குழு அடுத்த பாட்டை ஆரம்பித்தது. சுவரே அதிர்ந்தது. கேமராவிலிருந்து வரும் ஒலியை அவன் அணைத்தான். உள்ளே யார் என்ன பேசினாலும் இனிக் கேட்காது.

திரையில் லூப்பே வந்தாள். பெரிய கிழிந்த பாய் அவளைப் பாதி விழுங்கியிருந்தது. கூந்தல் அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. கைகளைப் பாயில் துடைத்துக்கொண்டே வந்து கால்மாட்டில் உட்காரப் போனாள். அத்தை தன் பக்கத்தில், தலைமாட்டில், பாயைத் தட்டிக் காட்டினாள். லூப்பே அசையவில்லை. தகப்பனின் தலைப்பக்கம் பிள்ளைகள் உட்காருவதில்லை. அத்தை மறுபடி தட்டினாள். கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. லூப்பே முழங்காலில் நகர்ந்து போய் உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் அவள் தோள் வந்தது.

"அண்ணே, அக்காதானே அது?" செமிசியின் குரல் கரகரத்தது. "முகம் தெரியல. ஒரே இருட்டா இருக்கு."

லிசியாட்டே வெளிச்சத்தைக் கூட்டினான். போதவில்லை. இன்னும் கூட்டினான். ஜன்னல் வெள்ளையாகிக் கரைந்தது. சுவரில் தொங்கிய பட்டைத் துணிகளின் கோலங்கள் கரைந்தன. உட்கார்ந்திருந்தவர்களின் வரிசைகள் ஓரத்திலிருந்து அழிந்தன. அந்த வெளுப்புக்கு நடுவில் அக்காவின் முகம் மெதுவாக மேலே வந்தது. கன்னத்தில் அடுப்புக்கரி இருந்தது. நாற்பத்து மூன்று வயது. அவள் முகத்தை இவ்வளவு நேரம் அவன் பார்த்ததே இல்லை.

"இப்பத் தெரியுது. அப்படியே விடுங்க" என்றான் செமிசி.

அத்தை குனிந்து லூப்பேயின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். நெடுநேரம் பேசினாள். பாட்டின் ஒரு சரணம் முழுக்கப் பேசினாள். லூப்பே தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை தலையை வேகமாக ஆட்டினாள், இல்லை என்பதுபோல. அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பேசினாள். பிறகு நிறுத்தினாள்.

லூப்பே நிமிர்ந்தாள். வாசற்கதவுக்கு மேலே இருந்த கேமராவை நேராகப் பார்த்தாள்.

லிசியாட்டேக்குப் போனைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. அவள் கண் இமைக்கவில்லை. கோபமா, வேறு எதுவோ, அந்த அளவு வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு லூப்பே திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மறுபடி கேமராவைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் தன் தோள் இருப்பதைக் கவனித்தவள் போல, இரண்டு கையாலும் பாயைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முகம் முழுசாகத் தெரியும்படி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.